மூன்று மன்றங்களில் கூப்பிட்டார்கள்

ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ஹாலிக் இருமினால் இந்தப் பக்கம் என் அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஆஷ்கோட்டில் கால்வாய்க் கரையோரம் வரிசையாக நின்ற சின்ன வீடுகளில் கடைசி இரண்டில் நாங்கள் குடியிருந்தோம். அவர் கோடி வீடு. நான் அதற்கு முந்தியது.

என் வீட்டுக்காரர் ஏபெல் போன பிறகு படகை விட்டு இறங்கி அங்கே வந்தேன். பிறந்ததிலிருந்து நிலக்கரிப் படகிலேயே கிடந்தவள் நான். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தங்கியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவது? எழுத்து என்றால் எனக்கு எறும்பு ஊர்ந்த தடம்தான். கரைக்கு வந்த புதிதில் பேச ஆளில்லை. படகுக்காரி என்று ஊர்க்காரர்கள் ஒரு முழம் தள்ளியே நின்றார்கள். தண்ணீர் ஆட்டாத வீட்டில், பேச்சில்லாத வீட்டில், அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஆக்னஸ், வில்லியமின் விதவை. ஒரு பசு வைத்திருக்கிறாள். ராபர்ட், அவள் மகன், வயது பதினொன்று. ஹ்யூ, மாவு அரைப்பவன். கூப்பிட்டும் வரவில்லை.”

நிறுத்தி நிறுத்தி, சர்ச்சில் வாசகம் படிப்பது போல ஒரு குரல். தினமும் சாயங்காலம் தேநீர் நேரத்துக்குப் பிறகு அது தொடங்கும். இவருக்கு எத்தனை விருந்தாளிகள், ஒருவர் பேச்சுச் சத்தமும் கேட்கவில்லையே என்று எனக்கு வியப்பு. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு உலர்திராட்சை போட்டு ஒரு பெரிய புட்டிங்கைத் துணியில் கட்டி வேகவைத்து, துணியோடு தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் நெட்டையாக, முதுகு வளைந்து, மீனுக்குக் காத்திருக்கும் கொக்கு மாதிரி இருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு விளக்கு.

“எங்க அவங்கெல்லாம்?” என்றேன்.

“யாரைக் கேக்கறீங்க?”

“ஆக்னஸ். அவ பையன். வராமப் போன அந்த மாவுக்காரன்.”

அவர் என்னையும் புட்டிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். “அவங்க செத்து அறுநூறு வருஷம் ஆச்சு, மிஸஸ் கார்வெல்.”

“அப்ப புட்டிங் மிச்சம்தான். தட்டு இருக்கா உங்ககிட்ட?”

அப்படித்தான் பழக்கம். ரெட்வர்ஸ் ஹாலிக் என்பது முழுப் பெயர். யாரோ ஒரு படைத்தலைவர் பெயரை வைத்துவிட்டு அப்பா முதல் உலகப் போரில் செத்துப் போனார். பிறகு அம்மாவும் மகனும்தான். அவர் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அந்தக் கோடி வீட்டிலேயே கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு செத்தவர்கள்தான் அவருக்குச் சகவாசம்.

வேலை இதுதான்: வம்சப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் இன்ன வீரன், இன்ன பிரபு, இதை ஊர்ஜிதம் செய்து கொடுங்கள் என்பார்கள். இவர் பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போவார். அங்கே பழைய ஆட்டுத்தோல் சுருள்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரபுவும் தன் கிராமத்துக்கு ஒரு மன்றம் நடத்துவார். யார் செத்தான், நிலம் யாருக்குப் போனது, யார் பன்றி யார் தோட்டத்தில் புகுந்தது, எல்லாம் அந்தச் சுருளில் இருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார். மை கொண்டு போகக் கூடாதாம். சாயங்காலம் வீட்டில் வாய்விட்டுப் படிப்பார். வாய்விட்டுப் படித்தால்தான் தப்பு காதில் மாட்டும் என்பது அவர் எண்ணம். என் காதிலும் அது விழுந்துகொண்டே இருந்தது. எனக்கும் ஆக்னஸைப் பிடித்துப் போயிற்று.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் அவர் இல்லை என்றுதான் சொன்னார். ஒருவர் வம்சம் ஒன்பது வயதில் செத்த பையனிடமிருந்து இறங்கும். இன்னொருவர் வம்சத்தில் மகன் அப்பாவுக்கு மூத்தவனாக இருப்பான். எல்லாவற்றையும் விட அதிகமாக நடக்கிற தப்பு, பெயர் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்று என்று நினைப்பது. ஓர் ஊரிலிருந்து நாலு பேர் பிழைக்க வந்தால் நாலு பேருக்கும் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொள்ளும். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள்.

“நல்ல சேதியா ஒண்ணு சொல்லி அனுப்பினா என்ன கெட்டுப்போச்சு?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“நல்ல சேதியும் சொல்வேன். ‘உங்க பாட்டன் பன்னி மேய்ச்சார், அது சத்தியம்’னு போன மாசம் ஒருத்தர்கிட்ட சொன்னேன். டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டார்.”

இப்போது கெம்ஸ்லோ இல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

வால்டர் கெம்ஸ்லோ எங்கள் ஊரில் இருந்த கம்பளி வியாபாரி. கொள்ளைநோய் வந்து பாதி ஊர் செத்த பிறகு, பிள்ளையில்லாத மனிதர், ஏழைக் கிழவர் கிழவிகளுக்கு ஒரு முற்றமும் அதைச் சுற்றி அறைகளும் ஒரு சிறு ஜெபக்கூடமும் கட்டி வைத்தார். இன்றைக்கும் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர்களுக்குக் கறுப்பு அங்கியும் வெள்ளி ஆட்டுக்குட்டி வில்லையும் தருவார்கள். ஜெபக்கூடத்தை ஒட்டிய அறை மட்டும் தனி. கணப்பு பெரியது, ஜன்னலில் வெயில் விழும். அந்த அறை தன் தம்பி தாமஸின் ரத்தத்தில் வந்த ஏழைக்குத்தான் என்று வால்டர் சாசனம் வைத்துவிட்டார். ரத்தத்தில் வந்த ஏழை யாரும் வராததால் அது வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மற்ற அறைகளுக்கோ வரிசையில் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிழவர்கள் லேசில் சாகிறவர்களும் இல்லை.

கசாப்புக்கடை டெபட்டின் அத்தை டோர்கஸுக்கு அந்த அறை வேண்டியிருந்தது. கால் வீங்கிப் போய், கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் கிடந்தாள். அவர்களும் ஒரு வம்சம் கொண்டுவந்தார்கள். இல்லத்து நிர்வாகிகளின் வக்கீல் கேதர்கோல் அதை ஹாலிக்கிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, டோர்கஸ் காட்டிய பாட்டன்களில் ஒருவர் சாமியாராகப் போனவர், வம்சம் அங்கேயே நின்றுவிடுகிறது என்று சொல்லிவிட்டார்.

நான் கடையில் நின்றிருந்தபோதே டெபட் இவரைப் பிடித்துக்கொண்டான். கையில் கத்தி வேறு.

“சாமியாருக்குப் பிள்ளை பொறக்காதா? எந்த ஊர்ல இருக்கீரு நீரு?”

“பொறக்கலாம் மிஸ்டர் டெபட். ஆனா எழுதி வைக்க மாட்டாங்க. எழுதாததை நான் சொல்ல முடியாது.”

“செத்தவனைக் கேட்டுட்டு வந்து, உசுரோட இருக்கற கெழவியை மாடியில பூட்டிட்டீரு. உம்ம ஆத்தா கெம்ஸ்லோதானே? அந்த அறை உமக்கு வேணும், அதான் சங்கதி.”

ஹாலிக் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.  அவர் அம்மா கெம்ஸ்லோ வீட்டுப் பெண் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இல்லத்துக் கூடத்தில் ஒரு சட்டம் போட்ட வம்ச மரப் படம் மாட்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் வரைந்தது. உச்சியில் வால்டர், பக்கத்தில் தம்பி தாமஸ், தாமஸின் மகன் ஜான், ஜானின் மகன் ரிச்சர்ட், அப்படியே இறங்கி இறங்கி அடியில் ஹாலிக்கின் அம்மாவின் தாத்தா. வருடத்துக்கு ஒருமுறை வால்டரின் நினைவு நாளில் ஊரையே கூப்பிட்டு மாட்டிறைச்சியும் கேக்கும் கொடுப்பார்கள். அன்றைக்கு அம்மா மகனைத் தூக்கி, அடிக்கிளையில் அவன் விரலை வைத்து, “இதுக்குக் கீழ நீ” என்பாளாம்.

“ஊர் வம்சமெல்லாம் பாத்தீங்களே, உங்களது?” என்று கேட்டேன்.

“பாக்கல.”

“ஏன்?”

“தேவைப்படல” என்றார். பிறகு, “அம்மா இருந்தாங்க” என்றார். அம்மா செத்து இருபது வருடம் ஆகியிருந்தது.

தேவை வந்தது. வீடுகளின் சொந்தக்காரரான செங்கல் சூளைக்காரர் எங்கள் வரிசையை இடிக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வசந்தத்துக்குள் காலி செய்ய வேண்டும். எனக்குக் கவென்ட்ரியில் மகள் ரோடா இருந்தாள்; அவள் வீட்டில் ஆறு பேர், நான் ஏழாவதாகச் சமையலறைக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். ஹாலிக்குக்கு யாருமில்லை. யாருமில்லாதவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் ஓர் இடம் உண்டு. முன்னால் ஏழை விடுதியாக இருந்தது, இப்போது சுண்ணாம்பு அடித்து முதியோர் இல்லம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நீளக் கூடத்தில் கட்டில்கள். அந்த வாசலைக் கடக்கும்போது எங்கள் பக்கத்துக் கிழவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

வக்கீல் கேதர்கோல் நல்ல மனிதர். சேதி கேட்டதும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தாமே வந்துவிட்டார்.

“அந்த அறை சும்மா கெடக்கு ஹாலிக். உங்க வம்சம் செவுத்துல தொங்குது. ‘நான் தாமஸ் கெம்ஸ்லோ வழி’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும். யாரும் தோண்ட மாட்டாங்க.”

“தோண்டறவன் நான்தானே” என்றார் ஹாலிக். “கொஞ்சம் டயம் கொடுங்க. பாத்துட்டுப் போடறேன்.”

நான் நடுவில் புகுந்தேன். “எதைப் பாக்கப் போறீங்க? பாக்காமப் போட்டா மை ஒட்டாதா?”

“டோர்கஸோடதைப் பாத்தேனே, மிஸஸ் கார்வெல்.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். மரத்தின் கீழ்ப்பாதி உறுதி. ஞானஸ்நானப் பதிவுகள் இருந்த காலம்வரை மகன், அப்பா, தாத்தா என்று ஒரு கண்ணியும் விடாமல் ஏறி, அதற்கு மேலே மன்றச் சுருள்களைப் பிடித்து ரிச்சர்ட் வரைக்கும் போய்விட்டார். ரிச்சர்ட் கெம்ஸ்லோ, சாராயக் கடைக்காரன். அவன் இவருடைய ஆள், சந்தேகமில்லை. ரிச்சர்டுக்கும் ஜானுக்கும் நடுவில் ஒரே ஒரு மூட்டு. அது பிடித்தால் அறை. விட்டால் சுண்ணாம்பு அடித்த கூடம்.

ஒரு சாயங்காலம் சுவருக்கு அப்பால் குரல் பாதியில் நின்றது. “ஜான், தாமஸின் மகன், கொள்ளைநோயில்…” அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. சால்வையைப் போட்டுக்கொண்டு போனேன்.

“செத்துட்டான்” என்றார். “அப்பனுக்கு முன்னாலயே. சின்னப் பையன். இவனுக்கு எங்கிருந்து ரிச்சர்ட் பொறந்தான்?”

கிழவர் முகத்தை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுப்பில் கரியைக் கிளறிக்கொண்டே, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “எங்கம்மாவுக்கு ரெண்டு ஜோசப். மூத்தவன் மதகுல விழுந்து போயிட்டான். அடுத்துப் பொறந்ததுக்கும் அதே பேரை வெச்சா. ஒருத்தனைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வர்ற மாதிரி இருக்குமாம் அவளுக்கு.”

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். “அந்தக் காலத்துல மூத்தவன் உசுரோட இருக்கும்போதே தம்பிக்கும் அதே பேரை வெப்பாங்க. ஞானஸ்நானத்துல கூட நிக்கற ஞானத்தகப்பன் பேரைத்தான் வெக்கணுமே. நானே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன்.” தன் தலையில் தானே லேசாகத் தட்டிக்கொண்டார். “என் வீட்டு விஷயத்துல தோணல பாருங்க.”

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். திரும்பி வந்தபோது என் ஜன்னலைக் குடைக்காம்பால் தட்டினார். அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

“இருக்கான், மிஸஸ் கார்வெல். சின்ன ஜான். கொள்ளைநோய்ல தப்பிச்சுட்டான். அப்பன் செத்ததும் மன்றத்துல வந்து நின்னு நிலத்தை வாங்கிக்கிட்டான்.”

அந்த மாதம் அவர் வேறு மனிதர். புகையூட்டிய மீன் இரண்டு வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார். கேதர்கோலிடம் சாவி வாங்கி அந்த அறையைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். ஜன்னலோரம் மேசை போடலாமா என்று கையைப் பரப்பி அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கல் சுவர், மூன்று முழம் கனம்.

“இங்க இருமினா யாருக்கும் கேக்காது” என்றார். மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ போலிருந்தது.

“கவென்ட்ரியில இருந்து நான் பஸ் ஏறி வருவேன். கேக்கறதுக்கு.”

கூடத்தில் அந்த மரப் படத்தின் முன்னால் நின்றோம். அவர் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிப் பையன் கடை ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு அதில் எழுத்து தெரியாது, கிளைகள் தெரியும். எல்லாக் கிளையும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருக்கலாம். சின்ன ஜானின் கடைசி வரைக்கும் பார்த்துவிடுகிறேன், அவன் செத்ததும் ரிச்சர்ட் வந்து நிலத்தை வாங்கிய வரி ஒன்று இருக்கும், அதையும் எடுத்துக்கொண்டு கேதர்கோலிடம் போகிறேன் என்றார். போனார்.

அடுத்த இரண்டு சாயங்காலம் சுவரில் குரலே இல்லை. மூன்றாம் நாள் நான் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். அடுப்பு பற்றவில்லை. மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?”

“ஜான் செத்துட்டான்.”

“செத்து அறுநூறு வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் கரி போட்டு, தண்ணீர் வைத்து, ரொட்டியில் கொழுப்புத் தடவிக் கொடுத்தேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

நிலம் வைத்திருந்தவன் செத்துப்போனால் மன்றத்தில் வாரிசைக் கூப்பிடுவார்களாம். சேவகன் வாசலில் நின்று, இன்னாருடைய வாரிசு யாராவது இருந்தால் வந்து நிலத்தைக் கேட்கலாம் என்று உரக்கக் கூவுவான். வரவில்லையென்றால் அடுத்த மன்றத்தில் மறுபடி. அதிலும் வரவில்லையென்றால் மூன்றாவதில்.

“சின்ன ஜான் தனியாத்தான் செத்திருக்கான். முதல் மன்றத்துல கூப்பிட்டாங்க. யாரும் வரல. ரெண்டாவதுல வரல. மூணாவதுலயும் வரல. நிலம் பிரபு கைக்குப் போச்சு. அடுத்த வரியில ஏதோ கோழித் தகராறு.”

“ரிச்சர்ட் வெளியூர் போயிருப்பான். சேதி போயிருக்காது. படகுக்காரங்க நாங்க, அப்பன் செத்ததை மூணு மாசம் கழிச்சுக் கேட்டவங்க இருக்கோம்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். நெனைக்க ஆசைப்பட்டேன்.” ரொட்டியை மேசைமேல் வைத்தார். “அவன் அங்கதான் இருந்தான், மிஸஸ் கார்வெல். மூணாவது மன்றத்துல, அதே நாள்ல. சாராயத்தை அளவு குறைச்சு வித்தான்னு அபராதம் கட்ட வந்திருக்கான், அந்தச் சுருள்லயே இருக்கு. சேவகன் கூவறான். இவன் உக்காந்திருக்கான். எழுந்திருக்கல.”

 எனக்குக் கோபம் வந்தது. “எழுந்திருந்தா யாரு வேண்டாம்னா? பேரு ஒண்ணு. எழுந்து நின்னு ‘நான்தான் மகன்’னா நிலம் கெடச்சிருக்கும். கூறுகெட்டவன்.”

“ஆமா. அளவுல ஏமாத்தினவன், இதுல ஏமாத்தல.”

“நீங்க ஏமாத்துங்க. கையெழுத்துப் போடுங்க. சின்ன ஜான் வந்து சண்டை போடப் போறானா?”

“மாட்டான். பாவம், அவனைப் பத்தி உலகத்துல இருக்கறதே நாலு வரி. பொறந்தான், நிலம் வாங்கினான், செத்தான், யாரும் வரல. அவனுக்கு ஒரு பிள்ளை இருந்துதுன்னு நான் எழுதினா அந்தக் கடைசி வரி பொய்யாயிடும். அவ்வளவு தனியாச் செத்தவன்கிட்ட இருந்து அதையும் எடுத்துக்கணுமா?”

“நீங்க தனியாச் சாகப் போறீங்களே, அதுக்கு என்ன வரி?”

சொல்லியிருக்கக் கூடாது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இன்றைக்கும் அதையேதான் கேட்பேன். அவர் மேல்கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அடுப்பு பற்றிக்கொண்டிருந்தது.

கேதர்கோல் மறுபடி வந்தார். இந்தத் தடவை தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு வாதாடினார். “அறுநூறு வருஷம், ஹாலிக். இந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில சொந்தம்தான். உங்களுக்குள்ள வால்டர் ரத்தம் ஒரு சொட்டும் இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமா?”

“முடியாது. டோர்கஸ்கிட்டயும் இல்லைன்னு சொல்ல முடியாது. அப்ப அவங்களுக்கு ஏன் கதவைத் திறக்கல?”

கேதர்கோல் என்னைப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்களேன், மிஸஸ் கார்வெல்.”

“சொல்லிச் சொல்லி என் பல்லு போச்சு. இன்னொரு கப் டீ வேணும்னா தர்றேன்.”

தாமஸின் வழி சின்ன ஜானோடு முடிந்தது என்று ஹாலிக் எழுதிக் கொடுத்தார். ரத்தமே இல்லை என்று ஆனபின் சாசனப்படி அந்த அறையும் பொது அறையாகிவிட்டது. வரிசையில் முதலில் நிற்கும் ஊர் ஏழைக்குப் போக வேண்டியது. வரிசையில் முதலில் நின்றவள் டோர்கஸ். ஹாலிக்கின் பெயரையும் கேதர்கோல் சேர்த்தார், ஆனால் கடைசியில். மரப் படத்தைக் கூடத்திலிருந்து எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டார்கள். சுவரில் அது இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

நான் கடைக்குப் போனபோது டெபட் ஈரல் உருண்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த ஆளு பைத்தியமா, கண்ணு?” என்றான்.

“உனக்கு அறை கெடச்சுதுல்ல? எடையைப் பாத்துப் போடு.”

அவன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்காமலே இரண்டு உருண்டை அதிகமாக வைத்துப் பொட்டலம் கட்டினான். “அவருக்கு” என்றான். ஹாலிக் அதை வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லி அனுப்பினார். டோர்கஸ் அந்த ஜன்னலோரம் வெயிலில் காலை நீட்டி எட்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். நல்ல கிழவி. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

வசந்தத்தில் எங்கள் வரிசையை இடித்தார்கள். எங்கள் நடுச்சுவர் ஒரே இடியில் விழுந்ததாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அதற்குள் கவென்ட்ரி போய்விட்டேன். அவர் சுண்ணாம்பு அடித்த கூடத்துக்குப் போய்விட்டார்.

வியாழன்தோறும் பஸ் ஏறி வந்து பார்ப்பேன். கட்டிலுக்குக் கட்டில் ஒரு கை இடைவெளி. அங்கே வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் சத்தம் போட்டார்கள். அதனால் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தார். தப்பு விழுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். வம்சம் கொண்டு வருகிறவர்களும் நின்று போனார்கள். அந்த விலாசத்துக்கு யார் வருவார்கள்?

ஒரு வியாழன் சாப்பாட்டு நேரத்தில் நான் இருந்தேன். மேற்பார்வைக்காரி வாசலில் நின்று, “மிஸ்டர் ஹாலிக்” என்று கூப்பிட்டாள். இவர் அசையவில்லை. “மிஸ்டர் ஹாலிக்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மிஸ்டர் ஹாலிக், காது கேக்கலையா உங்களுக்கு?” அப்போதுதான் எழுந்தார்.

“தினமும் இதே ரோதனைதான் இவரோட” என்றாள் அவள் என்னிடம்.

“மூணாவதுக்கு வந்துட்டேனே, மேடம். சட்டப்படி அது போதும்” என்றார் அவர். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சிரித்தோம், இரண்டு பேரும், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அவர் போனது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பனியில் பஸ் ஓடாத வாரம் அது. அடுத்த வியாழன் போனபோது கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். மண்ணில் வைத்துவிட்டார்களாம், மாவட்டச் செலவில். மேற்பார்வைக்காரி நல்லவள்தான், எனக்குத் தேநீர் கொடுத்தாள். சொந்தக்காரர் யாராவது இருந்தால் வந்து உடைமைகளைக் கேட்கலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

“எத்தனை தடவை போடுவாங்க?”

“மூணு வாரம் போடறது வழக்கம்.”

ரோடாவின் மகள் எனக்கு வாராவாரம் அதைப் படித்துக் காட்டினாள். ரெட்வர்ஸ் ஹாலிக், காலமானார், உறவினர் இருப்பின். ஒவ்வொரு வாரமும் அதே வரி. மூன்றாவது வாரம் நான் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், அவருடைய பூதக்கண்ணாடி. பித்தளைப் பிடி, அவர் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம் தனியாகப் பளபளக்கும். மேசைக்குப் பின்னால் இருந்தவன் சின்ன வயசு, மரியாதையான பையன். எழுந்து நாற்காலி போட்டான். பின்னால் பலகைத் தட்டில் ஒரு பெட்டி இருந்தது. மேல்கோட்டின் ஒரு கை வெளியே தொங்கியது.

“மிஸ்டர் ஹாலிக்குக்காக வந்தீங்களாம்மா?”

“ஆமா.”

“நீங்க அவருக்குச் சொந்தமா?”

தங்கை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்தப் பையன் தோண்டியிருக்க மாட்டான். பேனாவை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டான், எழுதிக் கொடுத்தனுப்பத் தயாராக இருந்தான். எனக்கு அந்தக் கண்ணாடியின் பிடி தெரிந்தது. சாராயக் கடைக்காரன் ரிச்சர்டும் தெரிந்தான், பெஞ்சில் உட்கார்ந்து, கூவலைக் கேட்டுக்கொண்டு.

“இல்ல” என்றேன். “பக்கத்து வீடு.”

“சொந்தமா இருந்தாத்தான் கொடுக்க முடியும். மன்னிக்கணும்மா.”

“தெரியும். உக்காந்துட்டுப் போறேன், கால் வலிக்குது.”

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவன் யாரும் வரவில்லை என்றுதான் எழுதியிருப்பான். அவன் வேலை அது, அதில் தப்பில்லை. சொந்தம் யாரும் வரவில்லை என்பது சத்தியம். ஆனால் நான் வந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருகிறாயே, அவன் எழுதாததை நீ இங்கே எழுது: மூன்றாவது வாரம், பக்கத்து வீட்டுக்காரி வந்தாள்.